முகத்துக்குப் பதிலாக ஒரு பூ

சிறப்பு வெளியீடுகளுக்குத் தமிழில் 'மலர்' என்று பெயர். பாடசாலைக்கு நூற்றாண்டு மலர், பள்ளிவாசலுக்குத் திறப்பு விழா மலர், ஓய்வு பெற்ற அதிபருக்குச் சேவைநலன் பாராட்டு மலர், மரணித்தவருக்கு நினைவு மலர். ஏறாவூரிலிருந்து கல்முனை வரை வாவிக்கும் கடலுக்கும் இடையில் நெருங்கிக் கிடக்கும் நமது ஊர்களில் மலர் வெளியிடாத நிறுவனத்தைக் காண்பது அரிது. அண்மைக் காலமாக இந்த மலர்களுக்குள்ளே இன்னொரு பூவும் பூத்து வருகிறது. தலைவரின் ஆசிச் செய்தி, மேலே அவருடைய வண்ணப்படம். செயலாளரின் செய்தி, அவருடைய படம். பாராளுமன்ற உறுப்பினரின் செய்தி, பக்கத்தை நிறைத்தபடி அவருடைய சிரிப்பு. அடுத்த பக்கத்தில் ஓர் ஆசிரியையின் கட்டுரை. படம் இருக்க வேண்டிய சதுரத்தில் ஒரு ரோசாப்பூ. அதற்கடுத்த பக்கத்தில் ஒரு பெண் கவிஞர். அங்கே தாமரை. கணினியில் இலவசமாகக் கிடைக்கும், யாரும் வரையாத, யாருக்கும் சொந்தமில்லாத பூக்கள்.

இதைப் பற்றிக் கேட்டால் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. ஒன்று, மார்க்கம் உருவத்தைத் தடுக்கிறது. மற்றது, பூவேலைப்பாடுதான் இஸ்லாமியக் கலை, நாம் நமது பாரம்பரியத்தைத்தான் பின்பற்றுகிறோம். முதலாவது பதிலை ஆலிம்கள் மட்டுமல்ல, நமது முற்போக்கு விமர்சகர்களும் சொல்கிறார்கள். 'இஸ்லாம் உருவத்தை விலக்கியதால் முஸ்லிம்கள் கொடியும் பூவும் வரைந்தார்கள்' என்ற வாக்கியத்தை எத்தனை கட்டுரைகளில் படித்திருப்போம். ஒருவர் பெருமையாகச் சொல்கிறார், மற்றவர் குறையாகச் சொல்கிறார். இருவர் கையிலும் இருப்பது ஒரே தவறான வரலாறு.

நான் பத்வா கொடுக்க வரவில்லை. அதற்கான தகுதியும் எனக்கில்லை. படம் வரைந்து பிழைத்த ஒருவர் இப்னு அப்பாஸ் (றழி) அவர்களிடம் வந்ததையும், வரைந்துதான் ஆக வேண்டுமென்றால் மரங்களையும் றூஹ் இல்லாதவற்றையும் வரைந்துகொள்ளும்படி அவர்கள் சொன்னதையும் நமது மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். வணக்கத் தலங்களில் உருவம் இல்லை என்பதும் உண்மை. அப்துல் மலிக் கலீபாவின் காலத்தில், ஹிஜ்ரி 72 இல், ஜெரூஸலத்தில் கட்டப்பட்ட குப்பதுஸ் ஸஹ்றாவின் உட்சுவர்களில் கொடியும் கனியும் மரமும் அணிகலனும் பொன்னாய் மின்னுகின்றன, ஓர் உயிர் கூட இல்லை. இதையெல்லாம் மறுக்க வேண்டிய தேவை எனக்கில்லை. எனது கேள்வி சிறியது. ஹதீஸ்தான் காரணமென்றால் தலைவரின் படம் எப்படி வந்தது? ஆணின் முகத்தில் மட்டும் றூஹ் இல்லையா? எல்லாப் பக்கங்களிலும் ரோசாப்பூ போட்டிருந்தால் அந்தப் பற்றுறுதிக்கு நான் தலைவணங்கியிருப்பேன். அடையாள அட்டைக்கும் கடவுச்சீட்டுக்கும் ஹஜ் விசாவுக்கும் வெளிநாட்டு வேலைக்கும் நமது பெண்கள் படமெடுக்கிறார்கள். சவூதிக்கு வேலைக்குப் போகும் உம்மாவின் முகத்தை முகவர் பார்க்கலாம், விமான நிலையத்தில் பார்க்கலாம். அவர் எழுதிய கவிதைக்கு மேலே மட்டும் அது வரக் கூடாது.

ஒரு பெண் தன் படத்தை அச்சிட விரும்பவில்லையென்றால் அது அவருடைய உரிமை. அதில் தலையிட யாருக்கும் இடமில்லை. நான் பேசுவது கேட்காமல் செய்யப்படுவதைப் பற்றி. ஒரு மலருக்குக் கவிதையோடு படத்தையும் அனுப்பிய சகோதரி ஒருவரை அறிவேன். கவிதை வந்தது, படம் வந்த இடத்தில் பூ வந்தது. மலர்க்குழுவில் கேட்டதற்கு, 'அழகாகத்தானே இருக்கிறது' என்றார்கள். அந்த மலரின் பெயரையும் ஊரையும் இங்கே எழுதப் போவதில்லை. வாசகர் ஒவ்வொருவருடைய அலுமாரியிலும் அப்படியொரு மலர் இருக்கும்.

இது நமது ஊரின் தனிக் கண்டுபிடிப்பும் இல்லை. எகிப்தில் 2011 இல் தொடங்கிய பாராளுமன்றத் தேர்தலில் ஸலபிகளின் அந்நூர் கட்சி, சட்டத்தின் நிர்ப்பந்தத்தால் பெண் வேட்பாளர்களை நிறுத்தியது. சுவரொட்டியில் ஆண் வேட்பாளர்களின் முகங்களுக்கு நடுவே பெண் வேட்பாளரின் முகத்துக்குப் பதிலாக ஒரு பூவை அச்சிட்டது. உலகப் பத்திரிகைகள் சிரித்தன. நாம் சிரிக்கவில்லை, பின்பற்றினோம்.

இனிப் பாரம்பரியம் என்ற இரண்டாவது பதில். இதைத்தான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

கொன்ஸ்தாந்துநோபிளை வென்ற சுல்தான் முஹம்மத் அல் பாத்திஹ் பற்றி நமது மிம்பர்களில் கேட்காத வருடம் இல்லை. அந்த சுல்தான் வெனிஸ் நகரத்திடம் ஓர் ஓவியரை அனுப்பக் கேட்டார். 1479 இல் ஜென்டிலே பெல்லினி வந்தார். 1480 நவம்பர் 25 என்று திகதியிட்ட அந்த உருவப்படம் இன்று லண்டன் தேசிய ஓவியக் கூடத்தின் சொத்து. அது வெளியார் வரைந்தது என்று தள்ளிவிடலாம். ஆனால் அதே காலத்தில் உதுமானிய ஓவியர் ஒருவர் வரைந்த படம் தொப்காப்பி அரண்மனையில் இருக்கிறது. சினான் பேயோ அவருடைய மாணவரோ வரைந்தது என்கிறார்கள். சுல்தான் சம்மணமிட்டு அமர்ந்திருக்கிறார். பெருவிரலில் வில்லாளியின் மோதிரம். மறு கையில் ஒரு ரோசாப்பூ, அதை முகர்ந்துகொண்டிருக்கிறார். முகத்துக்கு நிழல் கொடுத்த விதம் இத்தாலியர்களிடம் கற்றது, அமர்ந்திருக்கும் விதம் தைமூரிய ஓவியங்களிலிருந்து வந்தது. அந்தப் பூ முகத்தை மறைக்கவில்லை. முகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அடுத்த நூற்றாண்டில் நிகாரி என்ற ஓவியர் கடற்படைத் தளபதி பார்பரோஸ் ஹைருத்தீன் பாஷாவை வரைந்தபோது அந்த முரட்டு வெண்தாடிக் கிழவரின் கையிலும் ஒரு கார்னேஷன் பூவைக் கொடுத்தார்.

மொகலாயர்களிடம் வந்தால் பூவும் முகமும் இன்னும் நெருங்கிவிடுகின்றன. 1620 வசந்தத்தில் ஜஹாங்கீர் காஷ்மீர் போனார். அங்குள்ள பூக்களுக்குக் கணக்கில்லை என்றும், உஸ்தாத் மன்ஸூர் வரைந்தவை மட்டும் நூறுக்கு மேல் என்றும் தனது நினைவுக் குறிப்பில் எழுதினார். மன்ஸூர் வரைந்த சிவப்பு டியூலிப் ஒன்று அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகச் சேகரத்தில் இருக்கிறது. அந்தச் செடிகளை அவர்கள் வரைந்த முறை எங்கிருந்து வந்தது? வெற்றுத் தாளில் தனியே நிற்கும் தண்டு, இருபுறமும் ஒழுங்காக விரியும் இலைகள், ஒரு மொட்டு, ஒரு விரிந்த பூ, ஒரு வாடிய பூ, மேலே ஒரு வண்ணத்துப்பூச்சி. இது ஐரோப்பாவில் அச்சான மூலிகை நூல்களின் முறை. பாதிரிமாரும் வணிகரும் கொண்டுவந்த செதுக்குப் படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். ஷாஜஹான் காலத்தில் அதே செடி ஆடையில் ஏறியது, இடைக்கச்சையில் ஏறியது, தாஜ்மஹாலின் அடிச்சுவரில் பளிங்காய் நின்றது, உருவப்படங்களைச் சுற்றி ஓரச் சட்டமாகப் படர்ந்தது. நாம் 'தூய இஸ்லாமியப் பூ' என்று தலையில் வைத்துக் கொண்டாடும் பூவின் விதை கிறிஸ்தவர்களின் மருந்துப் புத்தகத்தில் கிடந்தது.

இந்தப் பூவரலாற்றில் எனக்கு மிகப் பிடித்தமானது தாரா ஷிகோவின் படத்தொகுப்பு. இளவரசர் தாரா தனது மனைவி நாதிரா பானு பேகத்துக்குக் கொடுத்தது, இப்போது பிரித்தானிய நூலகத்துக்குச் சொந்தம். புரட்டினால் ஒரு பூ, அதற்கு எதிரே இன்னொரு பூ. ஒரு பறவை, எதிரே இன்னொரு பறவை. ஓர் இளைஞன், எதிரே இன்னோர் இளைஞன். ஒரு பெண், எதிரே இன்னொரு பெண். முகமும் பூவும் ஒரே கட்டுக்குள் முறை வைத்து வருகின்றன. கொடுத்தவர் யார்? காதிரிய்யா தரீக்காவில் முல்லா ஷாவின் முரீது. நமது கரையிலும் அப்துல் காதிர் ஜீலானி (றஹ்) அவர்கள் பெயரில் மௌலிதும் றாத்திபும் ஓதிய, இன்னும் ஓதுகிற ஊர்கள் எத்தனை. ஒரு கணவன் மனைவிக்கு அன்பாகக் கொடுத்த புத்தகத்தில் பெண்களின் முகங்கள் இருந்தன, அவற்றுக்கு அடுத்த தாள்களில் பூக்கள் இருந்தன. பூவை வெட்டி முகத்தின்மேல் ஒட்டும் யோசனை அந்த வீட்டில் யாருக்கும் வரவில்லை.

உடனே ஒரு மறுப்பு வரும், நியாயமான மறுப்புத்தான். அந்தப்புரத்துப் பெண்களை ஓவியர்கள் நேரில் பார்த்து வரைந்தார்களா? பெரும்பாலும் இல்லை. மொகலாய ஓவியங்களில் பல பெண் முகங்கள் ஓர் அச்சில் வார்த்தவை, கற்பனை அழகிகள். ஆனால் பார்க்க முடியாதபோதும் அவர்கள் ஒரு முகத்தைக் கற்பனை செய்தார்கள், அந்த முகத்துக்கு ஒரு கையைக் கொடுத்து, கையில் பூவைக் கொடுத்தார்கள். எல்லாமே அச்சு முகங்களும் இல்லை. துப்பாக்கிக்கு மருந்து கெட்டிக்கும் நூர்ஜஹானின் படம் றாம்பூர் றஸா நூலகத்தில் உள்ளது. அபுல் ஹஸன் வரைந்தது என்று கருதப்படுகிறது. அந்தப் பெண் யாருடைய ரோசாவும் இல்லை. ஜஹாங்கீர் காலத்து ஓவியர் வரிசையில் ஸஹீஃபா பானு என்ற பெண்ணின் பெயரும் உண்டு. மலர்க்குழு இருந்திருந்தால் அவருக்கும் ஒரு தாமரை கிடைத்திருக்கும்.

பின்னோக்கிப் போனால் பூக்களின் வமிசம் இன்னும் சிக்கலாகிறது. உதுமானியர்கள் தங்கள் பெரிய விரிந்த பூவுக்கு வைத்த பெயர் 'ஹதாயி'. கதாய் நாட்டுப் பூ, அதாவது சீனப் பூ. மொங்கோலியர் பக்தாதை எரித்ததைப் பேசும் நாம், அவர்களுடைய பாதையில் சீனத் தாமரையும் பியோனியும் பாரசீகச் சித்திரங்களுக்குள் வந்து சேர்ந்ததைப் பேசுவதில்லை. வளைந்து வளைந்து போகும் கொடியை எடுத்துக்கொண்டால், அலோயிஸ் ரீகல் என்ற வியன்னா அறிஞர் 1893 இல் எழுதிய நூலில் அதன் தடத்தைப் பழைய எகிப்தின் தாமரையிலிருந்து கிரேக்கக் கொடி வழியாக அறபுக் கொடிவேலை வரை பின்தொடர்ந்தார். யாருடைய பூ என்று கேட்டால் எல்லாரும் கையை உயர்த்தலாம்.

அதே 1893 இல்தான் லண்டனின் சவுத் கென்சிங்டன் நூதனசாலை, ஹிஜ்ரி 946 இல் நெய்து முடிக்கப்பட்ட அர்தபீல் கம்பளத்தை வாங்கியது. வாங்கச் சொல்லி வலியுறுத்தியவர் வில்லியம் மொறிஸ். சுவர்த்தாளிலும் துணியிலும் அவர் படரவிட்ட கொடிகள் பாரசீகக் கம்பளங்களையும் துருக்கியத் துணிகளையும் பார்த்துப் பழகிய கண்ணிலிருந்து வந்தவை. மொறிஸின் பூக்கள் பிறகு இரண்டு வழியாக நமது தீவுக்கு வந்தன.

ஒரு வழி ஆனந்த குமாரசுவாமி. கண்டிக் கலைகளைப் பற்றிய அவருடைய பெருநூல் 1908 இல் வெளியானது, மொறிஸ் தனது சோசர் பதிப்பை அச்சிட்ட அதே அச்சியந்திரத்தில். அந்த நூல் விவரித்த கண்டிப் பூக்களைத்தான் இன்று வாவிக்கரையின் முஸ்லிம் பாடசாலைகளிலும் சித்திரப் பாடத்துக்கு நமது பிள்ளைகள் வரைகிறார்கள். லியவெல, பலாபெதி, நாரிலதா. நாரிலதா என்றால் என்ன? நாரி பெண், லதா கொடி. கொடியிலே பூவாகப் பூக்கும் பெண். மகள் பரீட்சைக்காக வரையும் பூவுக்குள் ஒரு பெண் இருக்கிறாள், வாப்பா தொகுக்கும் மலரில் பெண் இருந்த இடத்தில் பூ இருக்கிறது. இது பௌத்தர்களின் கற்பனை என்று ஒதுக்குவோர், அறபு நூல்களில் வரும் வாக்வாக் மரத்தைத் தேடிப் பார்க்கட்டும். பெண்களைக் கனியாகக் காய்க்கும் அந்தத் தீவு மரத்தைப் பற்றி அறபுப் புவியியலாளர்கள் கதை கதையாக எழுதினார்கள். இலைகளுக்கு நடுவே தலைகள் முளைக்கும் அந்தக் கொடியைப் பாரசீகத்திலும் மொகலாய இந்தியாவிலும் ஓவியர்கள் விரும்பி வரைந்தார்கள்.

மற்ற வழி கெஹிண்டே வைலி. 1977 இல் லொஸ் ஏஞ்சல்ஸில் பிறந்த கறுப்பின ஓவியர். தெருவில் கண்ட சாதாரண இளைஞர்களை, ஐரோப்பிய அரசர்களும் பிரபுக்களும் நின்ற தோரணையில் நிறுத்தி வரைபவர். பின்னால் மொறிஸை நினைவூட்டும் பூவேலைப்பாடு. அந்தக் கொடிகள் பின்னணியிலேயே கிடப்பதில்லை. முன்னே நீண்டு வந்து காலைச் சுற்றுகின்றன, சட்டையைத் தாண்டுகின்றன. 2018 பெப்ரவரியில் திறந்துவைக்கப்பட்ட பராக் ஒபாமாவின் படத்தை அநேகர் பார்த்திருப்பீர்கள். இலைச் சுவருக்கு முன்னால் கதிரையில் ஒபாமா. ஹவாய்க்கு மல்லிகை, கென்யாவுக்கு ஆபிரிக்க நீல லில்லி, சிகாகோவுக்குச் செவ்வந்தி. ஒரு மனிதனின் ஊர்களைப் பூக்கள் சொல்கின்றன, மனிதன் யாரென்பதை முகம் சொல்கிறது. இதே வைலி 2010 இல் தனது உலக மேடை வரிசையில் இந்திய, இலங்கை இளைஞர்களையும் பூக்களுக்கு நடுவே வரைந்தார். அமெரிக்காவிலிருந்து ஒருவர் வந்து இந்நாட்டு இளைஞனின் முகத்தைப் பூவோடு சேர்த்துப் பார்க்கிறார். நமது மலர்க்குழு சொந்த ஊர் ஆசிரியையின் முகத்தைப் பூவால் அழிக்கிறது. கம்பளத்தின் வாரிசு யார்?

இதைப் படிக்கிற சிலர், 'தூய்மைக் குழுக்கள் வந்த பிறகு வந்த வினை' என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொள்வார்கள். அவர்களுக்குப் பங்கு உண்டு. 2015 இல் திறக்கப்பட்ட காத்தான்குடி பூர்வீக நூதனசாலையில் பழைய வாழ்க்கையைக் காட்ட வைத்த ஆளுயர உருவங்களுக்கு எதிராக எழுந்த குரல் எல்லாருக்கும் நினைவிருக்கும். ஆனால் பூ ஒட்டும் வேலையைச் செய்கிறவர்களில் பலர் தூய்மைவாதிகள் இல்லை. இலக்கியக் கூட்டங்களில் நமக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பவர்கள், பெண்ணெழுத்தைப் பாராட்டி உரையாற்றுபவர்கள். கூட்டம் முடிந்து அச்சகத்துக்குப் போனதும், 'எதற்கு வீண் பிரச்சினை' என்கிறார்கள். பிரச்சினை யாருக்கு என்பதைச் சொல்வதில்லை. ஏறாவூரின் ஸர்மிளா ஸெய்யிதுக்கு 2012 இல் ஒரு வானொலிச் செவ்வியின் பின் நடந்தவையும், 2015 இல் அவர் கொல்லப்பட்டதாகப் பொய்ப் படம் தயாரித்து இணையத்தில் பரப்பியதும் மறந்துபோகிற விடயங்களா? பெண்ணின் உண்மை முகம் தாளில் வரக் கூடாது, பொய்ச் சடலமாக அவள் படம் கைக்குக் கை போகலாம். வீண் பிரச்சினையைத் தவிர்த்த ஆசிரியர்கள் அன்று எத்தனை வரி எழுதினார்கள்?

நமது கரையில் இதிலே இன்னொரு வேடிக்கையும் உண்டு. கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் குடிமுறை தாய்வழி. சீதன வீடு மகளுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறான். உறுதியில் அவள் பெயர், வளவு அவள் வளவு. அந்த வீட்டின் பூவேலையெல்லாம் அவள் கையால் வந்தது. பன்னைச் சாயமிட்டுப் பின்னிய பாயின் பூ, தலையணை உறையில் தைத்த பூ, மணப்பெண்ணின் கையில் மருதோன்றிப் பூ. இப்போது மருதோன்றிக்கும் வளைகுடா மாதிரிப் புத்தகம் வந்துவிட்டது, அது வேறு கதை. பூவைச் செய்தவளின் கை தெரியும், முகம் தெரியாது.

நமக்கென்று பூவோடு கூடிய ஓர் உருவப்பட மரபு இருந்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் ஸ்டூடியோக்களில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களை நினைத்துப் பாருங்கள். பின்னால் கையால் தீட்டிய திரைச்சீலை, அதில் ஒரு தோட்டம், படிக்கட்டு, தூண், தூணைச் சுற்றிய கொடி. பக்கத்தில் உயரமான முக்காலியில் பிளாஸ்ரிக் பூச்சாடி. வாப்பா கதிரையில், உம்மா நின்றபடி, தலையில் முந்தானை, முகம் நேராக. அந்தத் திரைச்சீலையைத் தீட்டியவர் ஜஹாங்கீரைக் கேள்விப்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் முகத்துக்குப் பக்கத்தில் பூ என்ற ஒழுங்கை அவர் பிழைவிடவில்லை. உம்மாவின் படம் வீட்டில் இருந்ததற்காக அந்தத் தலைமுறையின் ஈமானை யாரும் சந்தேகிக்கவுமில்லை.

அந்தப் படங்களில் எவ்வளவு மிஞ்சியது? 1978 நவம்பர் 23 சூறாவளி ஓட்டையும் கூரையையும் கொண்டுபோனது. 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களிலும் ஏறாவூரிலும் கொல்லப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியல்கள் இருக்கின்றன, சுவரில் சன்னத் துளைகள் இருக்கின்றன. முகங்களைச் சேர்த்து வைக்க நாம் அக்கறைப்படவில்லை. ஏறாவூரில் அந்த இரவில் இறந்த பெண்களும் குழந்தைகளும் பெயரும் வயதுமாக மட்டுமே மிஞ்சுகிறார்கள். 2004 டிசம்பர் 26 காலையில் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடல் வந்தபோது அல்பங்களும் போயின. உம்மாவைத் தேடி அலைந்த பிள்ளைகள் காட்டுவதற்கு ஒரு படமில்லாமல் நின்றார்கள். எத்தனையோ குடும்பங்களில் பின்னர் கிடைத்தது அடையாள அட்டைப் படத்தின் நிழற்பிரதி ஒன்றுதான், அரசாங்கம் கேட்டதால் எடுத்த படம். அந்த வருடங்களில் வந்த நினைவு மலர்கள் சிலவற்றில் அதுவும் அச்சேறவில்லை. அங்கேயும் ரோசாப்பூ.

ஆகவே மலர் தொகுப்போரிடம் நான் கேட்பது இரண்டு. படம் வேண்டுமா வேண்டாமா என்று எழுதிய பெண்ணிடமே கேளுங்கள், அவருடைய கணவரிடமும் நிருவாக சபையிடமும் கேட்காதீர்கள். வேண்டாம் என்றால் பெயரைப் பெரிதாக அச்சிடுங்கள், பூவைப் போடாதீர்கள்.

சித்திர ஆசிரியர்களிடம் கேட்பது ஒன்று. மீலாத் போட்டிக்கு வருடாவருடம் குவிமாடமும் பிறையும் ஓரத்தில் கொடியும் வரைவிப்பதை ஒருமுறை நிறுத்திவிட்டு, தாராவின் தொகுப்பிலிருந்து எதிரெதிர்ப் பக்கங்கள் இரண்டைப் பிள்ளைகளின் முன் வையுங்கள். பக்கத்தில் நாரிலதாவையும் வையுங்கள். என்ன வரைவதென்று அவர்களே தீர்மானிக்கட்டும்.

ஸ்டூடியோப் படங்கள் இன்னும் சில வீடுகளில் அலுமாரியின் அடித்தட்டில், சேலைகளுக்குக் கீழே கிடக்கின்றன. வாவிக் காற்றின் ஈரத்தில் ஓரம் மஞ்சளாகி, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு. பிரித்தெடுக்கும்போது இழுக்காதீர்கள், முகம் கிழிந்துவிடும். பின்புறத்தில் பென்சிலால் பெயரை எழுதுங்கள், ஊரை எழுதுங்கள். பெயர் சொல்லக்கூடிய மூத்தம்மாமார் இன்னும் சிலர் இருக்கிறார்கள்.